கவிதைப் பட்டறை வெட்டி வேலையா? (கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து)

8 ஜூன் 2024, பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கேட்டது

கவிதை எழுதக் கற்றுத் தருகிறேன் என்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்பது என் கட்சி. கவியரங்கம் என்றால் பொன்னாடை, பட்டறை என்றால் சான்றிதழ். அதிலும் நீங்கள் கேரள எல்லைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தமிழ்க் கவியரங்கம் நடத்துகிறீர்கள். பிள்ளைகள் எல்லாம் மலையாளத்தில் படிக்கிறார்கள். யாருக்காக இது? பன்னிரண்டு வருடத்தில் ஒரு கவிஞராவது உருவானாரா?

10 ஜூன், இரவு 10.20

ஒருவரும் உருவாகவில்லை. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், அப்புறம் பேசலாம்.

நேற்று இரண்டாம் ஞாயிறு. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர் வாயனசாலை (நூலகம்) மாடியில் எங்கள் கூட்டம். வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். ஆனால் கடைசிவரை இருந்தார். இரண்டு பருப்பு வடை சாப்பிட்டார், ஒரு கட்டன் சாயா குடித்தார், போகும்போது "நல்லா இருந்துச்சுங்க" என்றார். கவிதையைச் சொன்னாரா வடையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

பொன்னாடை விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான். எங்களிடம் மேடை கிடையாது, மைக் கிடையாது, நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். நான் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவன். காசு கொடுத்துப் பட்டம் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை.

11 ஜூன்

ஒன்று விட்டுப்போனது. "போய் உட்கார்ந்துகொண்டு" என்கிறீர்கள். நாங்கள் எங்கும் போகவில்லை. எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜாவின் கையில் இருந்தது. பக்கத்துப் பாலக்காடோ மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டம். 1949-இல் கொச்சி போய் திருவிதாங்கூர்-கொச்சி வந்தது, 1956 நவம்பர் 1-இல் கேரளம் வந்தது. என் தாத்தா ஒரே திண்ணையில் உட்கார்ந்தபடி மூன்று ராஜ்யம் பார்த்தார். திண்ணைக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்ததைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதம் கொங்கன்படை என்று ஒரு திருவிழா நடக்கும், பார்த்திருக்கிறீர்களா? படையெடுத்து வந்த கொங்கனை பகவதி துணையோடு துரத்தியடித்த கதை. கொங்குத் தமிழ் பேசும் நாங்களும் குடும்பத்தோடு போய், எங்கள் ஆள் தோற்றோடுவதைப் பார்த்துவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

20 ஜூன், காலை

நேற்று இங்கே வாசிப்பு நாள். பி.என். பணிக்கர் 1995-இல் காலமான தேதி ஜூன் 19. 1945-இல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் கண்டவர். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஒன்றில்தான் எங்கள் மாடி இருக்கிறது. வாடகை இல்லை. மின்விசிறி போட்டதற்கு மட்டும் மாதம் ஐம்பது ரூபாய் உண்டியலில் போடச் சொல்வார்கள். கோவையில் ஒரு மண்டபத்துக்கு நண்பர் கொடுத்த வாடகையைக் கேட்டேன். அந்தக் காசில் எனக்கு ஒரு வருடத்துக்கு வடை வரும்.

மலையாளிகளும் கவியரங்கு என்றுதான் சொல்கிறார்கள், நாம் கவியரங்கம் என்கிறோம். ஒரு 'அம்'தான் சோதனைச்சாவடி.

ஓய்வுபெற்ற மலையாள மாஷ் (வாத்தியார்) ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவார். அவருக்கு அட்சரசுலோகப் பைத்தியம். ஒருவர் நாலடிச் சுலோகம் சொன்னால், அதன் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்தில் அடுத்தவர் வேறொரு சுலோகம் சொல்ல வேண்டும். புத்தகம் பார்க்கக் கூடாது. நம் அந்தாதிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்தாதியில் ஒரே கவிஞர் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு போவார், இதில் ஊரே பிடிக்கிறது.

இதைத் தமிழில் செய்தால் என்ன என்று ஒருநாள் குறளை எடுத்தோம். குறளுக்கு மூன்றாம் அடிக்கு எங்கே போவது? இரண்டாம் அடியின் முதல் எழுத்து என்று வைத்துக்கொண்டோம். நான் "அகர முதல" என்று ஆரம்பித்தேன். இரண்டாம் அடி "பகவன்". ப வந்தது. பக்கத்தில் இருந்தவர் "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" சொன்னார். அதன் இரண்டாம் அடி "வேந்தர்க்கு". உடனே ஒரு பெண்குரல், "வேண்டுதல் வேண்டாமை". அடுத்து "யாண்டும்". அஞ்சல் அலுவலகத்தில் இருந்தவர் "யாகாவா ராயினும் நாகாக்க" என்றார். இரண்டாம் அடி "சோகாப்பர்". சோ. ஒருவர் வாயிலும் வரவில்லை. முழுதாக நாலு நிமிடம் மௌனம். மாஷ் மட்டும் மீசைக்குள் சிரித்தார். அங்கேயே டீ இடைவேளை விட்டோம்.

20 ஜூன், மாலை

"இதில் எழுத்து எங்கே வந்தது, இது மனப்பாடப் போட்டிதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். அப்படியே இருக்கட்டும். மாஷ் சமஸ்யாபூரணமும் வைப்பார். கடைசி அடியைக் கொடுத்துவிட்டு முன் மூன்றடியை எழுதச் சொல்வது. நம்மூரில் ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வார்களே, அதேதான். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு நான்கில் ஒன்றில்தான் முடிய வேண்டும் என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். விளக்கி முடித்ததும் ஒரு பையன், "காசுல முடிஞ்சாத்தான் எங்க வீட்லயும் எதுவுமே முடியும்" என்றான். அவனுக்கு வெண்பா வரவே இல்லை. அந்த வரியை மட்டும் நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

2 ஜூலை

கோபப்படாமல் ஒரு கதை கேளுங்கள். நாலைந்து வருடம் முன்பு நடந்தது.

இந்தத் தாலுகாவின் தோப்புகளிலிருந்துதான் கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் பெரும்பகுதி கள் போகிறது. விடிகாலையில் ரோட்டில் நின்றால் வண்டிகள் வரிசையாகப் போவது தெரியும். கள் இறக்குகிற வேலைக்கு மலையாளத்தில் செத்து என்று பெயர். பாளையைச் சீவுவது. எங்கள் வீடுகளில் தமிழ் பேசும்போதும் அது செத்துதான்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து படித்தான்:

எங்கப்பன் செத்து
ஏழு பேருக்குச் சோறு.

அன்றைக்குச் சிறப்பு விருந்தினராகக் கோவைப் பக்கமிருந்து ஒரு கவிஞர் வந்திருந்தார். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய்ப் பையனைத் தோளோடு அணைத்து, "எப்பப்பா தவறினாரு?" என்றார். இழப்பீட்டுப் பணத்தில் குடும்பம் சாப்பிடுகிறது என்று நினைத்திருக்கிறார். பையன் ஒன்றும் புரியாமல் பின்வரிசையைப் பார்த்தான். அங்கே அவன் அப்பா, காலையில் மூன்றரைக்கு எழுந்து மரமேறிய அசதியில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அந்தக் கவிஞர் ஒன்று சொன்னார். "தம்பி, இதை விளக்காதே. அடிக்குறிப்பும் போடாதே. நான் கேட்டதும் அதுக்குள்ளதான் இருக்கு." எனக்குத் தெரிந்து எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்ன ஒரே பயனுள்ள விமர்சனம் அதுதான். அதைச் சொன்னவரும் கவிதையைத் தப்பாகக் கேட்டவர்.

பையன் இப்போது கொச்சியில் ஏசி மெக்கானிக். எழுதுவதில்லை. உங்கள் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

15 ஜூலை

நேற்றுப் பட்டறை. கவியரங்கம் வேறு, பட்டறை வேறு, நாங்கள் மாற்றி மாற்றி வைக்கிறோம். பயிற்சி இதுதான்: வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவா, அதற்கு உன் வீட்டில் என்ன பேர், பக்கத்து வீட்டில் என்ன பேர் என்று சொல், அப்புறம் அந்தப் பேர் இல்லாமல் அதைப் பற்றி எட்டு வரி எழுது. 'போல' என்ற சொல்லுக்குத் தடை.

மூன்று பேர் சொல்லிவைத்த மாதிரி தேங்காய் ஓட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டில் கொட்டாங்குச்சி, இரண்டு வீட்டில் சிரட்டை. அரைமணி நேரம் அதிலேயே போனது. புட்டு வேகவைத்தது, புளித்தண்ணீர் மொண்டது, குழந்தையாக இருந்தபோது மண்சோறு ஆக்கியது. அதில் ஒருவர் தோல்பாவைக்கூத்து விளக்கைச் சொன்னார். அது தேங்காய் மூடியில் திரி போட்டு ஏற்றுவது. கூத்துமாடத்துத் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு.

இதை நான் உங்களுக்குத்தான் சொல்கிறேன், "யாருக்காக" என்று கேட்டீர்களே. பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் அந்தக் கூத்து ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தோரு இரவு என்று நடக்கும். பாட்டு கம்பராமாயணம். தமிழ் விருத்தம், மலையாள வாய். ஆட்டுபவர்களுக்குப் புலவர் என்றே பெயர். ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாருகனோடு சண்டையில் இருந்தாளாம், பார்க்க முடியாமல் போயிற்றாம், அவள் பார்ப்பதற்காக நடத்துவது. நான் ஒருமுறை மீன மாதத்தில் இரவு இரண்டு மணிக்குப் போய் நின்றேன். திரைக்கு முன்னால் மைதானத்தில் ஆள் இல்லை. ஒரு நாய் சுருண்டு கிடந்தது. உள்ளே இரண்டு குரல் மாறி மாறி ஒரு விருத்தத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தது, மாணவன் கேட்பதும் ஆசான் சொல்வதுமாக, எந்த அவசரமும் இல்லாமல். அதற்கப்புறம் எங்கள் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தாலும் எனக்கு வருத்தம் கிடையாது. எங்களிடம் நாயும் உண்டு.

இன்னொன்று. நேற்று ஒரு அக்கா முதல்முறையாக வந்தார். தொழிலுறப்பு வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பொருள் எதுவும் கொண்டுவரவில்லை, எழுதிய தாளைக் கொண்டுவந்திருந்தார். நான் அதில் ஒரு சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருத்திக் கொடுத்தேன். நல்ல எழுத்து. தொடர்ந்து வந்தால் தேறிவிடுவார்.

16 ஜூலை, அதிகாலை

தூக்கம் வரவில்லை. ஜூன் 10-இல் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. பட்டம் வாங்கியதில்லை என்றேன். வாங்கியிருக்கிறேன். 750 ரூபாய். ஏதோ ஓர் அமைப்பு, ஊரைச் சொல்ல வேண்டாம். ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கவிதை வாசிக்கிற சாதனை அரங்கம். ஆளுக்கு ஒன்றரை நிமிடம். நான் இரண்டாவது பத்தியில் இருக்கும்போதே மணி அடித்தார்கள். மரத்தட்டில் என் பெயரில் ஓர் ஒற்றெழுத்து பிழை. பட்டம் 'கவிச்' என்று ஆரம்பிக்கும், மிச்சத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தட்டு இப்போது கடையில் எலிப்பொறிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள், சான்றிதழை வாங்கியதும் முந்தானையால் துடைத்தார், தூசு எதுவும் இல்லாமலே. எழுபது வயதில் முதல் சான்றிதழாம். அதைப் பார்த்த பிறகு பொன்னாடைக்காரர்களைத் திட்டும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

12 ஆகஸ்ட்

நேற்றைய கூட்டம் கூட்டமாகவே இல்லை. ஜூலை 30-இல் வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்துபோன பிறகு எல்லார் கையிலும் அதே கவிதை. பதினொன்றில் எட்டு. மண்ணே உனக்கு இரக்கமில்லையா, மலையே உனக்கு மனமில்லையா. எழுதியவர்களில் இரண்டு பேர் அங்கே நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு லாரியில் போய் வந்தவர்கள். போய் வந்தவர்களின் கவிதைதான் ரொம்பச் சத்தமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. டீக்கு நடுவில் அதில் ஒருவர் தானாகச் சொன்னார்: "முகாம்ல ஒருத்தர் பூட்டுச்சாவியைக் கையிலயே வெச்சிருந்தாருங்க. வீடு இல்ல. சாவியை எங்க வைக்கறதுன்னு தெரியாம வெச்சிருந்தாரு." இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "இது கவிதையாங்க?" என்றார்.

நிலச்சரிவு என்று எழுதியவர்கள் ஐந்து பேர், அதையே மலையாளத்தில் உருள்பொட்டல் என்று எழுதியவர்கள் மூன்று. இந்த முறை நான் யாரையும் திருத்தவில்லை. காரணம் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன். அந்தத் தொழிலுறப்பு அக்கா வரவில்லை.

13 ஆகஸ்ட்

காரணம் இது.

அவர் கொண்டுவந்த தாளில் இருந்தவை நாலு வரி. எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வாய்க்கால் மேட்டில் புல் செதுக்கினேன்
வாய்க்காலில் தண்ணி இல்லை
தண்ணி இருந்த தடம் இருந்தது
இங்ஙனெ பார்த்தபடி இருந்தேன்

பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவில் எங்களுக்கு வருடம் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அதைப் பற்றி நானே பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், ஒருவரும் படித்ததில்லை. இவர் நாலு வரியில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நான் என்ன செய்தேன்? 'இங்ஙனெ'யை வட்டமிட்டு, பக்கத்தில் 'மலையாளம். இப்படி என்று மாற்றவும்' என்று எழுதினேன். சிவப்பு மையில். "சரிங்க" என்றார். தாளை நாலாக மடித்து, ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு போனார்.

போன வாரம் ஆகஸ்ட் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்து வந்தது. எப்போதும் அடிப்பதுதான், வருடக்கணக்காக அதே வாசகம். கடையில் சுவரில் ஒட்டும்போது கடைசி வரியைப் பார்த்தேன். "இங்ஙனம், அமைப்பாளர்."

இங்ஙனம்! கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், விண்ணப்பம் எல்லாவற்றின் அடியிலும் நாம் போடுகிற அதே சொல். இங்ஙனம் என்றால் இப்படி. அந்த அக்கா பேசுகிற சொல்லை நான் பன்னிரண்டு வருடமாகக் கையெழுத்துக்கு மேலே அடித்துக்கொண்டிருக்கிறேன், அது தமிழ். அவர் எழுதினால் மலையாளம். ங என்கிற எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் 'ஙப்போல் வளை' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அத்தோடு விட்டுவிட்டோம். அந்த எழுத்து வாயில் உயிரோடு இருப்பது எங்கள் பக்கத்துப் பெண்களிடம்தான். அதில் ஒருவரைக் கூப்பிட்டு வட்டம் போட்டு அனுப்பிவிட்டேன்.

13 ஆகஸ்ட், இரவு

மார்த்தாண்டத்து நண்பர் போன் செய்து ஒருமணி நேரம் சிரித்தார். "நாங்க பறைஞ்சா மட்டும் என்ன, சென்னைக்காரன் மலையாளமாங்கிறான்" என்றார். பறைதல் என்றால் சொல்லுதல் என்று அகராதியைத் திறந்தால் இருக்கிறது. பேச்சு அப்படியே சதாவதானி செய்குத்தம்பிப் பாவலருக்குப் போய்விட்டது. அவர் இடலாக்குடிக்காரர், அன்றைக்கு அது திருவிதாங்கூர். 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் காட்டியவர். எல்லையிலிருந்து போனவர்தானே என்பது நண்பரின் வாதம். சரி, ஆனால் என் கவலை நூறு விஷயம் இல்லை. ஒரே ஒரு தாள்.

29 ஆகஸ்ட்

அந்த அக்காவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பேர் கேட்டு எழுதி வைக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை, அது ஒரு பெருமை என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தோம். வார்டு மெம்பரிடம் கேட்டேன், "நாலு வரி எழுதறவங்களா? இங்க எல்லாரும் ஒப்பே அரை வரிதான் போடுவாங்க" என்றார். எருத்தேம்பதி பக்கம் என்று யாரோ சொன்னார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இல்லை.

பொள்ளாச்சி நண்பருக்கு: நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது தெரியும். கற்றுத்தர முடியாது என்று ஒத்துக்கொள்கிறேன். கெடுக்க முடியும். அதற்கு ஒரு சிவப்புப் பேனா போதும், ஏழு ரூபாய்.

9 செப்டம்பர்

தேடியதெல்லாம் வீண். அவர் மாதம் இரண்டுமுறை என் கடைக்கே வருகிறவர். எப்போதும் மதியம், தம்பி கடையில் இருக்கும் நேரம். பற்று நோட்டில் கணவர் பேர் இருக்கிறது, 1,140 ரூபாய் பாக்கி. இன்றைக்குப் பருத்திக்கொட்டை வாங்க வந்தார். நான் எடைபோடுவதை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். அவர் பாக்கியைக் கேட்கப்போகிறேன் என்று நினைத்து, "ஓணம் கழிஞ்சதும் கொடுத்துடறேனுங்க" என்றார்.

தாளைப் பற்றிக் கேட்டேன். "அதுலயா? பையன் கணக்குப் போட்டுட்டானுங்க." ஆனால் மனதில் இருக்கிறதாம். சொல்லச் சொன்னேன். மூட்டைகளுக்கு நடுவில், தவிட்டுத் தூசியில், பையை இடுப்பில் வைத்தபடி சொன்னார். மூன்று வரி அப்படியே இருந்தது. நாலாவது:

இப்படிப் பார்த்தபடி இருந்தேன்

காதில் விழுந்த உடனே தெரிந்தது. இப்படி, பார்த்தபடி. இரண்டு 'படி'யும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது, ரேஷன் கடையில் அளக்கிற மாதிரி. 'இங்ஙனெ'யில் மூக்கு வழியாக ஒரு நீட்டம் இருந்தது. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தார் என்பது அந்த நீட்டத்தில் இருந்தது. அது போய்விட்டது.

"அக்கா, பழைய சொல்லே சரி. நான் தப்பாத் திருத்திட்டேன். அது நல்ல தமிழ்" என்றேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இல்லீங்க, இதே இருக்கட்டும். நீங்க சொன்னப்புறம் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்."

பருத்திக்கொட்டைக்குக் காசு வாங்கவில்லை. பாக்கியில் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

3 அக்டோபர்

பொள்ளாச்சி நண்பர் வரும் பதின்மூன்றாம் தேதி கூட்டத்துக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். வாருங்கள். வேலந்தாவளம் வழி வேண்டாம், ரோடு மோசம். கோபாலபுரம் வழியாக வாருங்கள். ஈற்றடி ஒன்று யோசித்து வையுங்கள். சோ-வில் தொடங்கும் குறள் தெரிந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

நோட்டீஸ் வாசகத்தை இந்த முறை நானே கையால் எழுதி அச்சகத்துக்குக் கொடுத்திருந்தேன். கடைசி வரியில் 'இங்ஙனெ, அமைப்பாளர்' என்று தெளிவாக, கொட்டை எழுத்தில். நூறு நோட்டீஸ். சாயங்காலம் கட்டை வாங்கிப் பிரித்தால் 'இங்ஙனம்' என்று இருந்தது. டிடிபி செய்கிற பெண் சிரித்துக்கொண்டே, "ஒரு எழுத்து தப்பா இருந்துச்சுங்க, நானே சரி பண்ணிட்டேன்" என்றது.